இரண்டு பேருக்குத் திறந்த கதவு

சமையலறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் சுவரில் ஒரு சின்ன ஜன்னல். இந்தப் பக்கம் தட்டைத் தள்ளினால் அந்தப் பக்கம் எடுத்துக்கொள்வார்கள். அதற்கு ஒரு மரக் கதவு உண்டு. மழைக்காலத்தில் உப்பிக்கொண்டு சரியாக மூடாது. அந்த மூடாத கதவு வழியாகத்தான், பிள்ளைகளே, எழுநூறு வருஷத்துப் பழைய சங்கதி ஒன்று என் காதில் விழுந்தது.

சனிக்கிழமை பிற்பகல். சட்டியில் பருப்பு வடை வெந்துகொண்டிருக்கிறது. அந்தப் பக்கம் சட்டம் படிக்கிற பையன்கள் ஏழெட்டுப் பேர், நடுவில் பெரிய சாமி. நான் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவன். அவர்கள் பேசும் இங்கிலீஷில் பத்துக்கு ஏழு புரியாது. ஆனால் அன்று சாமி சொன்னது புரிந்தது. நியாயத்தை விட்டு விலகின சட்டத்துக்குச் சட்டம் என்கிற பேர்தான் உண்டு, உள்ளே சரக்கு இல்லை என்கிற மாதிரி ஒரு பேச்சு.

கரண்டியோடு நின்றுவிட்டேன். வடை கருகிய வாசனை அந்தப் பக்கம் போய், ஒரு பையன் ஜன்னலைத் தட்டி, "அண்ணே, அடுப்ப பாருங்க" என்று சொல்கிறவரைக்கும் நின்றேன்.

யார் அந்தப் பெரிய சாமி

போன வாரம் சிராங்கூன் ரோட்டில் நாங்கள் ஆறு பேர் படுத்து எழுந்த மாடி அறையைப் பற்றி எழுதியிருந்தேன். அந்த அறையிலிருந்து காலையில் பஸ் ஏறி, கால்வாயை ஒட்டியே போய், புக்கிட் தீமா பக்கம் ஒரு மேட்டில் இருந்த துறவியர் இல்லத்துக்குச் சமைக்கப் போவேன். அங்கே இருந்த வெள்ளைக்காரச் சாமியார்கள் எல்லாரும் சீனாவில் ஊழியம் செய்தவர்கள். அங்கிருந்து வெளியேற்றப்பட்டு இங்கே வந்து தங்கிப்போனவர்கள்.

பெரிய சாமி பெல்ஜியத்துக்காரர். 'பெரிய' என்பது உயரத்துக்காக வைத்தது. வயது என்னைவிட இரண்டு மூன்றுதான் கூட இருக்கும். சீனாவில் விட்டுவந்த பள்ளிக்கூடத்தையும் அதன் பிள்ளைகளையும் பற்றிப் பேச ஆரம்பித்தால், பாதியில் நிறுத்திவிட்டு உப்பு கேட்பார்.

எனக்கும் அவருக்கும் பொது மொழி சந்தை மலாய். மீன் வாங்கவும் வழி கேட்கவும் உண்டான அந்தப் பேச்சை வைத்துக்கொண்டு நாங்கள் சட்டம், மனசாட்சி, கடவுள் எல்லாம் பேசினோம். வார்த்தை போதாத இடத்தில் கையால் காட்டுவார். அவர் சொன்னதை இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

ஜெயசீலி, மகளே, இந்த வாரம் உனக்காகத்தான் எழுதுகிறேன். தம்பி அடைக்கலமும் படிக்கட்டும். இந்தப் பத்திரிகையை வாங்குகிற மற்ற வீட்டுப் பிள்ளைகளும் படிக்கட்டும், தப்பில்லை. ஆனால் கேள்வி உன்னுடையது.

போன வருஷம் நீங்கள் இரண்டு பேரும் முதல் தடவையாக இங்கே வந்திருந்தபோது, என் குவீன்ஸ்டவுன் வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டே கேட்டாய்: "எங்களை ஏம்ப்பா கூப்பிடவே இல்ல?"

கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். பஸ் எப்போது வரும் என்று விசாரிப்பது மாதிரி கேட்டாய். "கூப்பிட்டேம்மா" என்றேன். தலையாட்டிவிட்டுத் துண்டை மடித்து வைத்தாய். நீ நம்பவில்லை.

ஓலை படித்த கல்யாணம்

எங்கள் கல்யாணத்துக்கு ஊர்க் கோவிலில் ஓலை படித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் குருவானவர் அறிவிப்பார். அதுதான் நம் வழக்கம். சவரிமுத்துவுக்கும் ஆரோக்கியமேரிக்கும் மூன்று ஞாயிறும் படித்தார்கள். ஒருத்தரும் எழுந்து தடை சொல்லவில்லை. பெண் வீட்டாரோடு வாய்க்கால் சண்டையில் இருந்த என் சித்தப்பாகூடச் சொல்லவில்லை.

பல வருஷம் கழித்து, கடலுக்கு இந்தப் பக்கம், ஒரு தடை வந்தது.

ஐம்பதுகளின் கடைசி. எங்கள் அறைக்குக் கீழே மளிகைக் கடை. காலையில் ஒருவர் தமிழ்ப் பேப்பரை உரக்கப் படிப்பார், மற்றவர்கள் பல் துலக்கிக்கொண்டே கேட்போம். குடிநுழைவுச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள் என்று ஒருநாள் படித்தார். புருஷனைப் பிரிந்து தொடர்ந்து ஐந்து வருஷம் வெளிநாட்டில் இருந்த மனைவி இனிமேல் இங்கே வந்து சேர முடியாது. பிள்ளைகளிலும் சின்னஞ்சிறுசுகள் வரலாம், குறிப்பிட்ட வயதைத் தாண்டினவர்கள் வரக்கூடாது.

இங்கே வேலை இல்லை, வீடு இல்லை, பள்ளிக்கூடத்தில் இடம் இல்லை என்று காரணம் சொன்னார்கள். காரணம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆறு பேர் அடுக்கிப் படுத்த எங்கள் அறையே அதற்குச் சாட்சி.

ஆனால் எங்கள் மாதிரி ஆட்கள் செய்த தப்புக் கணக்கு ஒன்று உண்டு. அந்த அறையில் முருகையா அண்ணன் என்று ஒருவர். தஞ்சாவூர்ப் பக்கம், துறைமுகத்தில் மூட்டை ஏற்றும் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பெட்டி நிறையத் துணிமணி, சென்ட்டு, டார்ச்சு லைட்டு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய், எல்லாவற்றையும் கரைத்துவிட்டு வருவார். அவரை நாங்கள் ஊதாரி என்போம். நான் போகவே மாட்டேன். போய்வருகிற செலவை மிச்சம் பிடித்து, குடும்பத்தை ஒரே கப்பலில் ஒன்றாகக் கூட்டிவந்துவிடலாம் என்று இருந்தேன். அடைக்கலம் வயிற்றில் இருக்கும்போது கப்பல் ஏறினவன். அவன் முகத்தைப் பார்க்காமலே ஐந்து வருஷம் தாண்டிவிட்டது.

ஊருக்குப் போய் வந்தவர்களுக்கு அந்தத் தொடர்ச்சி முறிந்துவிட்டது, அவர்கள் மனைவி வரலாம் என்று எங்களுக்குச் சொன்னார்கள். போகாதவன் மனைவியைப் 'பிரிந்திருந்தவன்' ஆகிவிட்டான். ஊதாரி தப்பித்தார், சிக்கனக்காரன் மாட்டிக்கொண்டான்.

முருகையா அண்ணன் பல் துலக்கின குச்சியை எறிந்துவிட்டுச் சொன்னார்: "பாத்தியா தம்பி, என்னைய எவ்வளவு பேசுனீங்க. இப்ப அரசாங்கமே சொல்லுது, நான்தான் ஒழுங்கான புருஷன்னு."

"அப்ப அண்ணியை கூட்டிட்டு வாங்களேன்."

"அவ வந்தா நான் எங்க லா போறது?" என்றார், இந்த ஊர்ப் பேச்சின் 'லா'வோடு.

எல்லாரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். அன்றைக்குப் பஸ்ஸில் போகும்போது இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

வடை கருகியது அந்த வாரக் கடைசியில்.

பூனை கேட்காத சட்டம்

பையன்கள் போன பிறகு தட்டு எடுக்க வந்த சாமியிடம் கேட்டேன். "சாமி, நீங்க சொன்னது நிஜமா? நியாயமில்லாட்டி அது சட்டம் இல்லையா?"

என்ன ஆயிற்று என்று கேட்டார். சொன்னேன். ஈரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். பிறகு என் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த முக்காலியில் அவர் உட்கார்ந்தால் முழங்கால் மார்புக்கு வரும்.

எழுநூறு வருஷத்துக்கு முன்னால் இத்தாலியில் அவரைப் போலவே ஒரு துறவி இருந்தாராம். சட்டம் என்றால் என்ன என்று உட்கார்ந்து யோசித்தாராம். நான்கு விஷயம் இருந்தால்தான் சட்டம் என்றாராம். அறிவுக்குப் பொருந்த வேண்டும். எல்லாருடைய நன்மைக்காகவும் இருக்க வேண்டும். ஊரைக் காக்கிற பொறுப்பு உள்ளவர் போட்டிருக்க வேண்டும். அப்புறம், சொல்லப்பட்டிருக்க வேண்டும். ஊரறியச் சொல்லாதது சட்டம் ஆகாது.

"எங்க கல்யாண ஓலை மாதிரி" என்றேன்.

சாமிக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. அடுத்த சனிக்கிழமை பையன்களிடம் அதையே சொன்னார்.

மனிதன் எழுதுகிற சட்டத்துக்கு முன்னாலேயே மனிதனுக்குள் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது என்பது அந்தத் துறவியின் பேச்சு. உயிரைக் காத்துக்கொள், துணையோடு சேர்ந்து பிள்ளையை வளர், உண்மையைத் தேடு, அடுத்தவனோடு சேர்ந்து வாழ். இதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுதுகிற சட்டம் இதிலிருந்து கிளைவிட வேண்டும். இதை வெட்டுகிற சட்டம் கோணிப்போன சட்டம்.

அப்போது விறகுக் கொட்டகையில் பூனை ஒன்று குட்டி போட்டிருந்தது. மழைத்தண்ணீர் உள்ளே வந்ததால், ஒவ்வொன்றாகக் கழுத்தைக் கவ்விச் சமையலறைக்குத் தூக்கிவந்துகொண்டிருந்தது. சாமி அதைக் காட்டினார். "இதற்கு யார் சட்டம் போட்டார்கள்?"

அறைக்குத் திரும்பியதும் முருகையா அண்ணனிடம் இதை அப்படியே சொன்னேன். அவர் லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சொன்னார்: "பூனை சில நேரம் குட்டியைத் தின்னவும் செய்யும். அதுவும் எழுதாத சட்டமா? போய் உங்க சாமிகிட்ட கேளு."

நான் போய்க் கேட்டேன். சாமி சிரித்தார். அதனால்தான் இயற்கை என்றால் மிருகம் செய்வது எல்லாம் என்று அர்த்தம் இல்லை, மனிதனுக்கு இயற்கை என்பது அவனுடைய பகுத்தறிவு என்றார். உள்ளே தோன்றுகிற ஆசையை அறிவால் நிறுத்துப் பார்க்க வேண்டும். "உன் அண்ணனை ஒருநாள் கூட்டி வா" என்றார். அண்ணன் வரவில்லை. "சாமியார் வூட்டுல கள்ளு கெடைக்காது" என்றார்.

சிரிப்புக்கு நடுவில் அண்ணன் இன்னொன்றும் சொன்னார். ஜப்பான்காரன் காலத்தில் இங்கே இருந்தவர் அவர். "அவனும் சுவத்துல நோட்டீசு ஒட்டினான் தம்பி. ஊரறிய ஒட்டினான். அதையும் சட்டம்னுதான் சொன்னான். யாரு போயி அது சட்டம் இல்லேன்னு சொல்றது? சொன்னவன் தலை இருந்துச்சா?"

பாலன் தம்பியின் கட்சி

ஜன்னலைத் தட்டி அடுப்பைப் பார்க்கச் சொன்ன பையன் பெயர் பாலன். தேக்காவில் துணிக்கடை வைத்திருந்தவர் மகன். அந்தக் கூட்டத்தில் சாமியோடு ஓயாமல் மல்லுக்கட்டுகிறவன் அவன்தான்.

அவன் கட்சி வேறு. சட்டம் போட அதிகாரம் உள்ளவர்கள் முறைப்படி போட்டால் அது சட்டம். நல்லதா கெட்டதா என்பது தனிக் கேள்வி. "ஃபாதர், கெட்ட சட்டத்தை சட்டமே இல்லைன்னு சொல்லிட்டா, அது இல்லாம போயிடுமா? இருக்குன்னு ஒத்துக்கிட்டாத்தானே மாத்துறதுக்கு சண்டை போட முடியும்" என்பான்.

சாமி விடமாட்டார். உலகச் சண்டை முடிந்தபின் கொடுமை செய்தவர்களைக் கூண்டில் ஏற்றியபோது அவர்கள் என்ன சொன்னார்கள்? எங்கள் நாட்டுச் சட்டப்படிதான் செய்தோம் என்றார்கள். அப்போது படித்த நீதிபதிகளே பதில் தேடி அந்தப் பழைய துறவியின் வாசலில் போய் நிற்க வேண்டியிருந்தது என்பார்.

நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் வெங்காயம் உரித்துக்கொண்டு இரண்டையும் கேட்பேன். சாமி பேசும்போது சாமி சரி. பாலன் பேசும்போது பாலன் சரி. எனக்கு வேண்டியது உங்கள் அம்மாவும் நீங்கள் இரண்டு பேரும் வந்து சேர்வது. அதற்கு எந்தக் கட்சி உதவும் என்றுதான் பார்த்தேன்.

ஒருநாள் சாமியிடம் கேட்டுவிட்டேன். "சாமி, இதை குடிநுழைவு ஆபீஸ்ல வந்து சொல்லுவீங்களா?"

சாமி என்னைப் பார்த்தார். பிறகு அங்கியில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டு, வருகிறேன் என்றார். பாலனும் வருகிறேன் என்றான்.

எந்த டிராயரில் வைப்பது

அலுவலகத்தில் நீளமான பெஞ்சு. மேலே மின்விசிறி சுற்றினாலும் காற்று கீழே வரவில்லை. அந்தப் பெஞ்சில் இருந்த ஆட்களைப் பார்த்தவுடன் தெரிந்துகொண்டேன், எல்லாரும் என் மாதிரிதான். சலவைச் சட்டை, எண்ணெய் தடவிய தலை, கையில் மனைவி பிள்ளைகள் போட்டோ. சீனர், தமிழர் என்று பேதமில்லை. ஒருத்தரோடு ஒருத்தர் பேசவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சீன அதிகாரி, நடுத்தர வயது. மரியாதையாக எழுந்து சாமிக்கு நாற்காலி போட்டார். சாமி பேசினார். எனக்குப் புரிந்த வரைக்கும் அந்தத் துறவி, அறிவு, குடும்பம், எழுதாத சட்டம் எல்லாம் வந்தது. அதிகாரி குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் அவர் சொன்னதைப் பாலன் என் காதில் தமிழில் சொன்னான்.

"நீங்க சொல்றது சரியா இருக்கலாம் ஃபாதர். ஆனா இதை நான் எந்த டிராயர்ல வைக்கிறதுன்னு கேக்குறாரு அண்ணே."

சாமியின் காது சிவந்ததைப் பார்த்தேன்.

அப்போது பாலன் பேச ஆரம்பித்தான். சட்டமே இல்லை என்று அவன் சொல்லவில்லை. சட்டம் இருக்கிறது, அதை மதிக்கிறோம், அதே சட்டத்தில் விசேஷ நிலைமையில் விலக்குக் கொடுக்கிற அதிகாரமும் இருக்கிறது என்றான். இவர் மனைவியை விட்டுவிட்டவர் இல்லை, கூட்டிவரத்தான் ஊருக்குப் போகாமல் இருந்தவர் என்று சொல்லி என் கையைக் காட்டினான். அதிகாரி என் கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அடுப்புச் சூடுபட்ட தழும்புகள் தவிர ஒன்றும் தெரியவில்லை. அதிகாரி மனு கொடுக்கச் சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பாலன்தான் சமாதானம் சொன்னான். "ஃபாதர், அந்த விலக்குப் பிரிவு இருக்கே, அதுக்குள்ள உங்க பழைய துறவிதான் உக்காந்திருக்காரு."

சாமி முகம் தெளிந்தது. எனக்கு அதை மலாயில் விளக்கினார். அந்தத் துறவி ஒரு கோட்டையைப் பற்றிச் சொல்லியிருக்கிறாராம். எதிரி சூழ்ந்திருக்கிறான், கோட்டைக் கதவைத் திறக்கவே கூடாது என்று சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் எதிரி துரத்த ஓடிவந்து வெளியே நிற்பவர்கள் அந்த ஊரைக் காக்கிற சொந்தப் படையாட்கள் என்றால்? சட்டம் போட்டவர் எல்லா நிலைமையையும் முன்கூட்டிப் பார்த்திருக்க முடியாது. அவர் என்ன நினைத்துச் சட்டம் போட்டாரோ அதைக் காக்கவே கதவைத் திறக்க வேண்டியிருக்கும்.

"உன் ஆட்கள் வெளியே நிற்கிறார்கள், முத்து. கதவு திறக்கும்" என்றார்.

நான் நம்பினேன். பஃபலோ ரோட்டில் பலகைத் தடுப்பு வைத்த ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, சுவரைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். கீழே பூக்கடை. சாயந்திரம் மல்லிகை வாசம் படியேறி வரும். பக்கத்துத் தடுப்பில் இருந்த குடும்பத்தின் பிள்ளை காலை அளந்து, அடைக்கலத்துக்கும் கிட்டத்தட்ட இவ்வளவுதான் இருக்கும் என்று ஒரு ஜோடி செருப்பு வாங்கினேன். ஜெயசீலி, உனக்குச் சிவப்பு ரிப்பன் வாங்கினேன்.

பதில்

சில மாதம் கழித்துப் பதில் வந்தது. பாலன் படித்தான். ஒருமுறை படித்துவிட்டு, மறுபடி மனதுக்குள் படித்தான்.

"அண்ணிக்கு கிடைச்சிருச்சு அண்ணே. தம்பிக்கும் கிடைச்சிருச்சு, அவன் இன்னும் வயசு தாண்டல."

நான் காத்திருந்தேன்.

"பாப்பாவுக்கு இல்ல."

ஆமாம் ஜெயசீலி. உனக்கு இல்லை.

அந்தக் காலத்தில் பல குடும்பங்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தன. பெரிய பிள்ளையை அத்தை வீட்டிலோ மாமன் வீட்டிலோ விட்டுவிட்டுத் தாய் மட்டும் வருவாள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. அறையில் எல்லாரும் எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். முருகையா அண்ணன் அப்போது ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "நானே உங்க ஊருக்குப் போயி தங்கச்சிகிட்ட நேருல பேசுறேன். பொண்ணை உன் அக்கா பாத்துக்க மாட்டாங்களா? ரெண்டு பேரையும் கையோட கூட்டிட்டு வந்துடுறேன் லா" என்றார்.

நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "அவ என்ன சொல்றாளோ கேட்டுட்டு வாங்க" என்றேன். செருப்பைக் கொடுத்தனுப்பினேன். ரிப்பனையும்.

அண்ணன் கொண்டுவந்த சொல்

அண்ணன் வருகிற கப்பலுக்குப் போய் நின்றேன். கூட்டத்தில் அவர் தலை தெரிந்தது. அவர் பக்கத்தில் யாரும் இல்லை. எப்போதும் கையை ஆட்டிக்கொண்டு வருகிறவர், அன்று பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார்.

டீக்கடையில் உட்கார்ந்துதான் சொன்னார். அந்த மனிதர் கேலி இல்லாமல் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவை.

"எல்லாம் எடுத்துச் சொன்னேன் தம்பி. தங்கச்சி அடுப்புல வேலையா இருந்துச்சு. திரும்பிப் பாக்காமத்தான் கேட்டுச்சு. சரி, எப்ப கெளம்பலாம்னேன். 'அண்ணே, மூணு பேரும் வரலாம்னா வரேன். ஒண்ணை வாசல்ல நிறுத்திட்டு மத்தவங்க உள்ள போயி ஒக்காந்தா அது வீடா?'ன்னுச்சு. அவ்வளவுதான். அப்புறம் எனக்கு சோறு போட்டுச்சு."

"கோவமா இருந்தாளா?"

"இல்ல. ஒன்னப் பத்தி, ரொம்ப எளைச்சுட்டாரான்னு கேட்டுச்சு. இல்ல, நல்லா இருக்கான்னு சொன்னேன். பொண்ணுகிட்ட இதெல்லாம் சொல்லாதீங்கன்னுச்சு. அதுக்குத் தெரிஞ்சா தன்னாலதான்னு நெனச்சுக்குமாம்."

டீ ஆறிப்போய் மேலே ஆடை படிந்துவிட்டது. அண்ணன் தன் டீயையும் குடிக்கவில்லை.

மறுநாள் சமையலறையில் சாமியிடம் சொன்னேன். அவர் முக்காலியில் உட்கார்ந்து என்னோடு வெங்காயம் உரித்தார். அவருக்கு உரிக்கத் தெரியாது, பாதி வெங்காயத்தைத் தோலோடு எறிவார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார், "முத்து, நீ அவளை வற்புறுத்துவாயா?"

"மாட்டேன் சாமி."

"ஏன்?"

"அவ சொல்றது சரி."

மறுபடி உரித்தார். பிறகு நான் கேட்டேன், "சாமி, இப்பவும் அது சட்டமே இல்லேன்னுதான் சொல்லுவீங்களா? சட்டம் இல்லேன்னா இந்நேரம் என் மூணு பேரும் பஃபலோ ரோட்டுல இருக்கணுமே."

அவர் கை நின்றது. கடைசியில் மெதுவாகச் சொன்னார்: "அது இருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது தப்பு என்று உனக்கும் தெரிகிறது, கடலுக்கு அந்தப் பக்கம் உன் மனைவிக்கும் தெரிகிறது. நீங்கள் இரண்டு பேரும் அதை எங்கே படித்தீர்கள்?"

எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை. பாலன் பெரிய வக்கீல் ஆகி, ஒருநாள் தேக்கா மார்க்கெட்டில் என்னைப் பார்த்தபோது இதை அவரிடம் கேட்டேன். "அண்ணே, அதுக்குத்தான் இன்னும் புத்தகம் புத்தகமா எழுதிட்டு இருக்காங்க" என்று சொல்லிவிட்டு என் மீன் பையை வாங்கிக்கொண்டு கொஞ்சதூரம் கூட நடந்தார்.

பஃபலோ ரோட்டு அறையை விட்டுவிட்டேன். பழைய மாடி அறையில் என் இடத்தில் வேறு ஆள் வந்துவிட்டதால் படிக்கட்டுப் பக்கம் இடம் கிடைத்தது. பெரிய சாமியை அறுபதுகளின் நடுவில் அவர்கள் சபை வேறு நாட்டுக்கு மாற்றிவிட்டது. போகிற அன்று சமையலறை ஜன்னலின் மரக் கதவைத் தானே இழைப்புளி வைத்துச் சீவிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அது நன்றாக மூடியது. சனிக்கிழமைகளில் அந்தப் பக்கம் பேச ஆளும் இல்லை.

பிறகு நான் மூன்று நான்கு தடவை ஊருக்கு வந்தேன். முதல் தடவை அடைக்கலம் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அந்த மாமா எப்ப போவாரு?" என்று அம்மாவிடம் கேட்டான். ஊரோடு இருந்துவிட ஆசைதான். இருந்திருந்தால் உங்கள் இருவருடைய படிப்பு நின்றிருக்கும். அதனால் ஒவ்வொரு தடவையும் திரும்பினேன். உன் அம்மா கண்மூடுகிற வரைக்கும் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அவள் சொல்லாமல் வைத்ததை நான் இப்போது சொல்வது சரியா என்று பல நாள் யோசித்தேன். ஜெயசீலி, நீ காரணம் இல்லை. உன்னைக் காரணமாக வைத்துத்தான் உன் அம்மா ஒரு விஷயத்தைச் சரியாகச் செய்தாள், நானும் அவளோடு சேர்ந்து செய்தேன். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த பெரிய முடிவு அது ஒன்றுதான். நடுவில் கடல் இருந்தது, அவ்வளவுதான்.

கண்ணாடிக் கதவு

போன வருஷம் நீங்கள் வந்த அன்று, விமானம் வருவதற்கு வெகுநேரம் முன்னாலேயே போய் நின்றுவிட்டேன். பயணிகள் வெளியே வருகிற இடத்தில் பெரிய கண்ணாடிக் கதவு. யாரும் தள்ள வேண்டாம். ஆள் பக்கத்தில் வந்தால் தானாகத் திறக்கிறது, போனால் மூடுகிறது. முருகையா அண்ணன் இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார்.

நீ முன்னால் வந்தாய், தம்பி பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால். உள்ளே உங்களை ஏதாவது கேட்டார்களா என்றேன். "ஒண்ணும் கேக்கலப்பா, முத்திரை குத்திக் குடுத்துட்டாங்க" என்றாய்.

வண்டியின் பின்சக்கரம் கதவுக்குப் பக்கத்தில் நின்றதாலோ என்னவோ, நீங்கள் வெளியே வந்த பிறகும் அது மூடவில்லை. இன்னொரு ஆள் வர வேண்டியிருப்பது போலத் திறந்தே இருந்தது. "என்னப்பா பாக்குறீங்க?" என்று கேட்டாய். ஒன்றும் இல்லை என்று சொல்லி வண்டியை நகர்த்தினேன். கதவு மூடிக்கொண்டது.